மணி அடித்தால் எழுந்து போகிறவர்கள்

ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்கள் மூவரும் நலம் என்பதை அக்கா இன்று அனுப்பிய பதினோரு படங்களிலிருந்து உறுதி செய்துகொண்டேன். குட்டிக்கு முன்பல் விழுந்ததை மட்டும் நான்கு கோணங்களில் பார்த்தாயிற்று. ஆகவே நலம் விசாரிக்கும் பகுதி முடிந்தது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று உங்களை முதன்முதலாகப் பார்த்தபோதே "இந்த வயசுலயே முடி இவ்வளவு கொட்டுமா?" என்று கேட்டவன் நான். அதற்குப் பிறகும் நீங்கள் என் அக்காவைக் கட்டிக்கொண்டதற்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை. இந்தக் கடிதத்தின் கடைசியில் சேர்த்துச் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை. என் வேலை போகவில்லை. ஆர்டர் கிடைத்துவிட்டது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் எழுதும் நிலைமையில் இருக்கிறேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. வியாழக்கிழமை பத்தே முக்கால் மணிக்கு மூன்றாவதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, இரண்டாவது போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன், முதலாவதுக்காக மட்டும் உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று அக்கா கேட்பாள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் மேல் தப்பு எவ்வளவு, உங்கள் மேல் எவ்வளவு என்று பிரிக்க முடியும். நான்கு வருஷம் சர்வீஸ் இன்ஜினியராக மாதத்தில் இருபத்தைந்து நாள் யாரோ ஒருவருடைய நிலவறையில், ஈரத் தரையில், ஒன்றரை டன் சலவை மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எங்கள் விற்பனைத் தலைவரிடம் பேசி என்னை உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றினீர்கள். அவருக்கு ஆபீசில் 'சுருக்கமா' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "சுருக்கமா, சுருக்கமா" என்பார். அப்படிப்பட்டவர் என்னிடம் கொடுத்த வேலை, வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் காட்சியறையிலிருந்து கணினித் திரையில் இரண்டு மணி நேரம் மெஷினைப் பற்றி விளக்குவது. ஒன்றரை டன்னைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாதே. அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைக்கவும் வழியில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில், இந்த அளவு மெஷின் வாங்குவதற்கு முன் இரண்டு மணி நேரத் தொழில்நுட்ப விளக்கம் நடந்ததாகக் கோப்பில் இருக்க வேண்டுமாம். ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் முடித்தால் கோப்பு நகராது.

முதல் கூட்டம் எப்படி நடந்தது என்று உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. தொண்ணூற்று நான்கு ஸ்லைடு. எதிரே ஆறு கறுப்புக் கட்டங்கள், ஒருவரும் கேமராவைப் போடவில்லை. நான் பேரிங்கில் ஆரம்பித்து டிரம், மோட்டார், வடிகால் வால்வு என்று ஒன்றையும் விடாமல் போய், நூற்றுப் பதினைந்தாவது நிமிஷத்தில் தொண்டை வறண்டு "ஏதாவது சந்தேகம் இருக்குங்களா?" என்று கேட்டேன். ஒரு குரல் வந்தது. "சார், எல்லாரும் சாப்பிடப் போய் முக்கால் மணி நேரம் ஆச்சு. நான் கூட்டித் துடைக்க வந்தேன். நீங்க முடிச்சுட்டீங்கன்னா லைட்டை அணைச்சுடலாங்களா?" அந்த மனிதர் மட்டும் வால்வு பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டார். அவருக்கு வாங்கும் அதிகாரம் இல்லை.

மறுநாள் சுருக்கமா கூப்பிட்டார். "வியாழக்கிழமை ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. மூணு மெஷின். அதுவும் ஊத்திக்கிச்சுன்னா நீ திரும்ப சர்வீஸ்." அவ்வளவுதான். சுருக்கமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் ஒரு கண்ணில் மூன்று வேளை சொட்டு மருந்து விட வேண்டும், தானாக விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் போகிறது. நான் நிலவறைக்குப் போனால் யார் விடுவது?

அப்போதுதான் உங்கள் ஏழு விதிகள் மெயிலில் வந்து இறங்கின. கேமராவைப் போடச் சொல், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எதையாவது மாற்று, மெஷினைத் தொடுகிற ஆட்களையும் உட்கார வை, கதை சொல், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திரு என்றெல்லாம். நான் மரியாதையாகத்தான் படித்தேன், அத்தான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் ஓட்டல்களுக்கு மெத்தை விற்கிறீர்கள். உங்கள் கூட்டத்தில் ஒரு ஆள் தூங்கிவிட்டால் அது விளம்பரம். என் கூட்டத்தில் தூங்கிவிட்டால் நான் சர்வீஸ்.

இருந்தாலும் விதி என்று வந்தால் எனக்கு ஒரு பழக்கம், அளந்து பார்க்காமல் விடமாட்டேன். அம்மாவை எதிரில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒரு கண்ணில் கட்டோடு, கூடை நிறையத் துவைத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, கைத்தடவலில் மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "எப்படிம்மா இருந்துச்சு? உண்மையைச் சொல்லு" என்றேன்.

"நல்லாத்தான்டா இருந்துச்சு. ரெண்டு பெட்ஷீட், ஆறு சட்டை, உன் சாக்ஸ் எல்லாம் ஜோடி சேர்த்து முடிச்சுட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"மெஷின் நல்ல மெஷின்னு சொன்ன. அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் கை மூன்று இடத்தில் நின்றது. டிரம் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும்போது சட்டைப் பித்தான் ஒன்று பிய்ந்தால் கண்ணாடியில் கல் மாதிரி வந்து அடிக்கும் என்றபோது நின்றது. ஆஸ்பத்திரிப் போர்வையில் கிருமி எங்கே ஒளிந்திருக்கும் என்றபோது நின்றது. மூன்றாவது, எனக்குப் புரையேறியபோது. மற்ற தொண்ணூற்றொரு ஸ்லைடுக்கும் சட்டைக் கையை இழுத்து நேர்ப்படுத்திக்கொண்டிருந்தாள். ஆக, ஆள் கேட்கிறானா என்று தெரிய கேமரா வேண்டாம், மடியில் ஒரு கூடைத் துணி போதும். நான்கு நாள் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். வீட்டில் மடித்ததையே கலைத்துக் கலைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா "உங்க வீட்டுல மட்டும் எப்படி தினமும் இவ்வளவு துணி விழுது?" என்று கேட்டுவிட்டாள். கணக்கு இதுதான்: ஒருமுறை கை நின்றால், மறுபடி முழு வேகம் பிடிக்க ஒன்பது நிமிஷம். உங்கள் பத்து நிமிஷ விதியில் ஒரு நிமிஷம் தப்பு. திருத்திக்கொள்ளவும்.

ஆகவே ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். மணி அடித்ததும் ஸ்லைடை மூடிவிட்டு வேறு ஏதாவது செய்வேன். கேள்வி கேட்பேன், கதை சொல்வேன், பின்னால் நிற்கிற மெஷினைத் திறந்து காட்டுவேன். என்ன மணி வைப்பது என்பதில்தான் தாமதம் ஆனது. எந்தச் சத்தம் வைத்தாலும் அம்மா "வாசல்ல யாரு பாரு" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. எங்கள் கம்பெனி மெஷின் ஒவ்வொன்றும் துவைத்து முடித்ததும் ஒரு மணி அடிக்கும், மூன்று குட்டை, ஒரு நீளம். பதினான்கு வருஷமாக எல்லா மாடலுக்கும் அதே மணி. அதைக் காட்சியறை மெஷினிலிருந்து பதிவு செய்து வைத்துவிட்டேன். பொருளுக்கும் பொருத்தம், காதுக்கும் புதுசு. இப்படியொரு மூளை இந்தக் கம்பெனியில் வீணாகிறதே என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வியாழக்கிழமை பத்து மணி. திரையில் மூன்று கட்டம். ஒன்று, ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி. கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான். கேமராவைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "இங்க வெளிச்சம் சரியில்லை, நீங்க ஆரம்பிங்க" என்றது கறுப்புக் கட்டம். இன்னொன்று சுருக்கமா, வேவு பார்க்க வந்தவர், அவரும் கறுப்பு. மூன்றாவதில்தான் உயிர் இருந்தது: ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். கூடத்தின் நடுவே கண்ணாடி அறை, அதில் மேற்பார்வையாளர் அம்மாவும் அவரோடு வேலை செய்யும் ஏழு பேரும், உங்கள் விதிப்படி நானே கேட்டுக்கொண்டதால், நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் கம்பெனியின் பழைய மெஷின்கள் மூன்று, பதினான்கு வயசு, ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிப் போர்வை காத்திருக்காதே. மெஷின் இரைச்சலில் என் குரல் கேட்க வேண்டும் என்று ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்து முழுச் சத்தத்தில் திருப்பியிருந்தார்கள். எவ்வளவு ஆர்வம் என்று மனசு குளிர்ந்தது.

ஒன்பதாவது நிமிஷம் மணி அடித்தது. நான் ஸ்லைடை மூடிவிட்டுச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தேன். மூன்று பேர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சரி, அவசரமாக இருக்கும் என்று விட்டுவிட்டு மேற்பார்வையாளர் அம்மாவிடம் "இப்ப இருக்கிற மெஷின்ல உங்களுக்குப் பெரிய தொந்தரவு எது?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னபடி காத்திருந்தேன். எட்டு விநாடி. "ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார். போன மூவரும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினெட்டாவது நிமிஷம் மணி. நான்கு பேர் காலி. கதை சொல்ல ஆரம்பித்தேன். பேரிங் ஒன்று உடைந்து டிரம் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்த உண்மைக் கதை, கடைசி ஒத்திகையில் என் அம்மாவின் கையையே நிறுத்திய கதை. நல்ல கட்டத்தில் அந்த நால்வரும் வந்து கதவைத் திறந்து வரிசையாக நடந்து தங்கள் நாற்காலியைத் தேடினார்கள். டிரம் எப்போது சுவரைத் தாண்டியது என்று எனக்கே மறந்துவிட்டது. இருபத்தேழாவது நிமிஷத்துக்குச் சற்று முன்னால் ஒரு உயரமான ஆள் கையைத் தூக்கினார். "சார், இந்தக் கதவு இருக்கு பாருங்க, கதவு..." என்று ஆரம்பித்தார். முதல் கேள்வி! இருபத்தேழு நிமிஷத்தில் முதல் கேள்வி! மணி அடித்தது. கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு அவரே எழுந்து ஓடினார்.

அத்தான், அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மணி அடித்தால் நான் புதிதாக எதையோ ஆரம்பிக்கப் போகிறேன் என்று இவர்கள் கண்டுகொண்டார்கள், அதைத் தாங்க முடியாமல் தப்பிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதனால் ஒவ்வொரு மணிக்கும் இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாகப் பேசினேன். முப்பத்தாறாவது நிமிஷ மணிக்கு வாக்கெடுப்பு ஒன்று வைத்தேன். அறையில் மிஞ்சியிருந்த மூன்று பேரும் கைதூக்கத் தயாராவதற்குள் அவர்களும் போய்விட்டார்கள். மேற்பார்வையாளர் அம்மா மட்டும் தனியாக எட்டு நாற்காலிக்கு நடுவே உட்கார்ந்து, என் மேல் இரக்கப்பட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுருக்கமாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஏன் எல்லாரும் ஓடறாங்க?" அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தால் நான் அப்போதே சர்வீஸுக்குப் போயிருப்பேன்.

நாற்பத்தைந்தாவது நிமிஷம். மணி. மூன்று குட்டை, ஒரு நீளம். உயரமானவர் இந்த முறை எரிச்சலோடு எழுந்தார், "இன்னிக்கு இதுக்கு என்னதான் வந்துச்சு" என்று முணுமுணுத்தது ஸ்பீக்கர் வழியாகவே கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நடு மெஷினுக்குப் போனார். மெஷினின் சின்னத் திரையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

ஓடுகிற மெஷினின் கதவு திறக்காது. திறக்கக் கூடாது. அதற்கென்று ஒரு பூட்டு சுவிட்ச் இருக்கிறது, அதை எத்தனையோ தடவை நானே மாட்டியிருக்கிறேன். அது திறந்தது. நூற்றைம்பது லிட்டர் தண்ணீர், நுரையோடு, ஒரு யானை உட்கார்ந்து எழுந்த மாதிரி தரையில் விழுந்தது. பின்னாலேயே போர்வைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெளியே வந்தன. உயரமானவர் சறுக்கிக்கொண்டு சுவர்வரை போய், ஒரு போர்வைக் குவியல் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கண்ணாடி அறைக் கதவுக்கு அடியில் புகுந்தது. மேற்பார்வையாளர் அம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க தம்பி" என்றார்.

நல்லவேளை, அது அலசுகிற கட்டம், பச்சைத் தண்ணீர். இருபது நிமிஷத்துக்கு முன்னால் என்றால் கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும்.

அந்த நொடியில்தான் கறுப்புக் கட்டம் திறந்தது. கொள்முதல் அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டீயில் நனைத்த பிஸ்கட் ஒன்றைக் கையில் பிடித்தபடி திரைக்குள் மூக்கை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

"என்னய்யா அது வெள்ளையா?"

"நுரை சார்."

"எங்க?"

"உங்க சலவைக்கூடத்துல சார். உங்களுக்கு ரெண்டு மாடி கீழே."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஸ்லைடும் நினைவில்லை, விதியும் நினைவில்லை. நான்கு வருஷ நிலவறைப் புத்தி தானாக மேலே வந்துவிட்டது. "அம்மா, சுவர்ல நடு மெஷினோட சிவப்பு சுவிட்ச், அதை முதல்ல இறக்கச் சொல்லுங்க! போர்வையை யாரும் இழுக்காதீங்க, டிரம் நிக்கட்டும்! கீழே இடது பக்கம் வட்டமா ஒரு கைப்பிடி, அதைத் திருப்புனா மிச்சத் தண்ணி வடிகாலுக்குப் போயிரும். இடதுன்னா உங்க இடதுய்யா, என் இடது இல்ல!" என்று கத்தினேன். மேற்பார்வையாளர் அம்மா லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார். நான் அவர் இடுப்பிலிருந்து ஆணையிட்டேன். பத்து நிமிஷத்தில் தண்ணீர் இறங்கியது. "கதவுப் பக்கம் காட்டுங்க" என்றேன். காட்டினார். பூட்டு சுவிட்ச் இருக்கிற இடத்தில் ஒரு கிழிந்த போர்வைத் துண்டைச் சுற்றி, அழுத்தி, முடிச்சுப் போட்டிருந்தார்கள். மெஷினுக்குக் கதவு பூட்டியே இருப்பதாக நினைப்பு. பக்கத்து மெஷின்களையும் காட்டச் சொன்னேன். மூன்றிலும் முடிச்சு.

"யாருய்யா இதைக் கட்டினது?" என்றேன். வாடிக்கையாளரை 'யாருய்யா' என்று கேட்கக் கூடாது என்று உங்கள் விதிகளில் இல்லை.

உயரமானவர் போர்வைக் குவியலில் இருந்தபடியே சொன்னார். "நாங்கதான் சார் கட்டினோம். மணி அடிச்ச பிறகும் ரெண்டு நிமிஷம் இந்தப் பூட்டு விடாது. மெஷினு மூணு, ஒரு நாளைக்கு நாப்பது தடவை. எண்பது நிமிஷம் கதவு முன்னாடி சும்மா நின்னா மேல வார்டுல போர்வை எங்கன்னு கத்துறாங்க. நீங்க வந்து நில்லுங்க சார், தெரியும்."

"இதைத்தான் அப்ப கை தூக்கிச் சொல்ல வந்தீங்களா?"

"ஆமா. அதுக்குள்ள மணி அடிச்சுடுச்சு."

அப்போதுதான், அத்தான், எனக்கு உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று போய் மாட்டிக்கொண்டது. மணி. மூன்று குட்டை, ஒரு நீளம், முழுச் சத்த ஸ்பீக்கரில். பதினான்கு வருஷமாக அந்த மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் அதை அடித்திருக்கிறேன்.

கொள்முதல் அதிகாரி இதற்குள் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நேரிலேயே கீழே இறங்கி வந்துவிட்டார். சலவைக்கூடத்தின் கட்டத்தில் அவர் தலை தெரிந்தது. முடிச்சைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உயரமானவரைப் பார்த்தார். "ஓடற மெஷினைத் திறந்தது நீதானே? இதுக்கு எழுத்துல விளக்கம் குடுக்கணும். இன்னிக்கே மெமோ வரும்" என்றார். உயரமானவர் தலையைக் குனிந்துகொண்டார். சுருக்கமாவிடமிருந்து வரி வந்தது: "நீ பேசாதே." மணி என்னுடையது என்று அவருக்கும் புரிந்துவிட்டிருக்கிறது. பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய மெஷின் ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், ஆர்டர் அன்றைக்கே வரும், நான் வீட்டில் இருப்பேன், அம்மாவுக்கு மூன்று வேளை சொட்டு மருந்து சரியாகக் கண்ணில் விழும். மெமோ மட்டும் அந்த ஆளுக்கு.

சுற்றி வளைக்க வராது என்று முதலிலேயே எழுதினேனே, அது அப்போதும் வரவில்லை.

"சார், மெமோவை எனக்கு எழுதுங்க. அந்த மணி உங்க மெஷின்ல அடிக்கல. நான் அடிச்சேன்" என்றேன். நிரல், ஒன்பது நிமிஷம், அம்மாவின் துணிக்கூடை எல்லாவற்றையும் சொன்னேன். நிரூபணம் கேட்பார்களோ என்று ஒருமுறை அடித்தும் காட்டினேன். மூன்று பேர் தங்களை அறியாமல் ஓரடி நகர்ந்தார்கள்.

சர்வீஸ் பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது மேற்பார்வையாளர் அம்மா ஆரம்பித்தார், முதலில் தோள் குலுங்கியது, பிறகு லேப்டாப் குலுங்கியது, எனக்கு மேற்கூரையும் தரையும் மாறி மாறித் தெரிந்தன. "அதானே பார்த்தேன்! என்னடா இது, ஒரே துணியை நாலு தடவை துவைச்சு முடிக்குதேன்னு! மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு இவனுங்க அதுக்கு ரெண்டு தட்டு வேற தட்டிட்டு வந்தானுங்க தம்பி!" உயரமானவர் போர்வையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். கொள்முதல் அதிகாரி சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் அம்மாவிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் கதவைப் பத்தி நீங்க எனக்கு எழுதியிருந்தீங்களா?"

"நாலு தடவை சார்."

"நான் படிச்சேனா?"

"அது உங்களுக்குத்தான் சார் தெரியும்."

அவர் என்னைப் பார்த்து, "உங்க புது மெஷின்ல அந்தப் பூட்டு எவ்வளவு நேரத்துல விடும்?" என்றார். "டிரம் நின்னு எட்டு விநாடி சார்." எட்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அது எழுபத்தொன்றாவது ஸ்லைடு, அத்தான். கீழே ஓரத்தில், சின்ன எழுத்தில். ஒத்திகையில் அந்த இடத்தில் என் அம்மா ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தாள், நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு நான் ஸ்லைடே போடவில்லை. காட்சியறை மெஷினைத் தண்ணீரோடு ஓட விட்டு, கதவை என்னால் முடிந்த மட்டும் இழுத்துக் காட்டினேன். காலை வைத்து உதைத்தும் காட்டினேன். "கம்பி விட்டு நெம்பினா?" என்றார் ஒருவர். நெம்பினேன். "இதுல துணி முடிச்சு எங்க போடலாம்?" என்று உயரமானவர் கேட்டார், போட முடியாது என்பதை நிரூபிக்க இருபது நிமிஷம் ஆனது, ஒவ்வொருவரும் ஒரு வழி சொன்னார்கள். பன்னிரண்டு இருபதுக்குத்தான் முடிந்தது. கோப்பு கேட்டது இரண்டு மணி நேரம், நடந்தது இரண்டு மணி இருபது நிமிஷம். ஒரு ஆள் எழுந்து போகவில்லை. பழைய மெஷின் ஒன்று உண்மையிலேயே முடித்து மணி அடித்தபோதுகூட யாரும் அசையவில்லை.

நேற்று ஆர்டர் வந்துவிட்டது. மூன்று மெஷின். உயரமானவருக்கு மெமோ இல்லை. முடிச்சுகளை அவிழ்த்துவிட்டார்கள், புது மெஷின் வரும்வரை வார்டுகள் இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும் என்று கொள்முதல் அதிகாரியே எழுதி ஒட்டியிருக்கிறார். சுருக்கமா என்னைக் கூப்பிட்டு, "பேசாதன்னு சொன்னேன், பேசின. சரி. இங்கயே இரு" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஆளுக்கு அடிபடலையே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் முகத்தை மேலே தூக்கிக் காட்டினாள். சொட்டு மருந்து விட்டேன். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் போகவில்லை.

ஆகவே என் தீர்மானம் இதுதான். நீளமான விளக்கக் கூட்டத்தைச் சுவையாக்க விதி, மணி, வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம். கதவு பற்றிப் பேச வந்த ஆளைப் பேச விட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். அந்த நிரலை அழித்துவிட்டேன். உங்கள் ஏழு விதிகளையும் மெயிலிலிருந்து எடுத்துவிட்டேன், அச்சடித்து வைத்திருந்ததையும் நான்காகக் கிழித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இனி வாழ்க்கையில் இரண்டு மணி நேரக் கூட்டம் எதையும் நான் நடத்துவதாக இல்லை. சுருக்கமாவிடமும் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. பல்லை இனி ஒரு கோணத்தில் எடுத்தால் போதும் என்று சொல்லவும். குட்டிக்கு அடுத்த பல் நேராக முளைக்க என் ஆசிகள். உங்கள் மெத்தைகள் மேல் ஊரெல்லாம் நிம்மதியாகத் தூங்கட்டும். எனக்காக அன்றைக்குப் போய்ப் பேசியதற்கும், முடி விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளாமல் அக்காவைக் கட்டிக்கொண்டதற்கும் நன்றி. முதலில் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
இனி நிம்மதியாக இருக்கப்போகும்
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். வியாழக்கிழமையிலிருந்து அங்கே மணி அடித்தால் ஒரு ஆளும் எழுந்திருப்பதில்லையாம். "தம்பி மறுபடி பேச ஆரம்பிச்சுட்டாரு போல" என்று உட்கார்ந்தே இருக்கிறார்களாம். துவைத்து முடித்த போர்வை மெஷினுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறதாம், நேற்று ஒரு வார்டில் மேசை விரிப்பைப் போர்த்தியிருக்கிறார்கள். மணி அடித்தால் அது உண்மையான மணிதான் என்று மூன்று ஷிப்ட் ஆட்களுக்கும் நானே புரியவைத்தால்தான் புது மெஷினை உள்ளே விடுவோம் என்று கொள்முதல் அதிகாரி ஆர்டரில் ஒரு வரி சேர்த்துவிட்டாராம். நேரில் இல்லை, திரையில். ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம். முதல் கூட்டம் நாளைக் காலை. அம்மாவிடம் சொன்னேன், மடித்து வைத்ததையெல்லாம் அவளே கலைத்துக் கூடையில் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது, இந்தப் பி.கு.வை மட்டும் இப்போதே படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். அந்த ஏழு விதிகளையும் தயவுசெய்து இன்று மாலைக்குள் மறுபடி அனுப்பவும். நான்காகக் கிழித்ததில் மூன்று துண்டுதான் கிடைக்கிறது.